8 ஜிபி ரேமில் ஸ்டாக்ஃபிஷுக்கு எவ்வளவு ஹேஷ் கொடுப்பது: மூன்று வாரம் அலசிப் பார்த்தது

ஸ்டாக்ஃபிஷ் ஒரு செஸ் எஞ்சின், ஹேஷ் என்பது அலசிய நிலைகளைக் குறித்துவைக்க அதற்கு நாம் ஒதுக்கிக் கொடுக்கும் ரேம். அவசரத்தில் இருப்பவர்களுக்காக விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு கோர், 8 ஜிபி ரேம் உள்ள என் பழைய லேப்டாப்பில், ராத்திரி முழுக்க ஓடவிடும் நீண்ட அலசலுக்கு 2048 எம்பி, சாயங்காலம் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைப் புரட்டிப் பார்க்க 512, எஞ்சினோடு எஞ்சினை மோதவிட ஒவ்வொன்றுக்கும் 64. இந்த மூன்று எண்களுக்கு வந்து சேர மூன்று வாரம் பிடித்தது, நடுவில் ஒரு ராத்திரி முழுசாக வீணானது. ஏன் இந்த எண்கள் என்பதுதான் மீதி எல்லாம்.

ஆரம்பித்து வைத்தது என் மகள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் நாலாவது சுற்று ஆட்டம், யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய முடிவாட்டம், ஜெயித்திருக்க வேண்டியதை டிராவில் விட்டுவிட்டாள். அன்று ராத்திரி எழுதிக்கொண்டு வந்த நோட்டேஷன் தாளை வைத்து ஸ்டாக்ஃபிஷில் போட்டுப் பார்த்தோம். 41ஆம் நகர்த்தலில் அவளுக்கு நல்ல சாதகம் என்று காட்டியது, இரண்டு சிப்பாய் அளவுக்கு. மறுநாள் அதே நிலையைத் திரும்பப் போட்டால் அரைச் சிப்பாய் அளவில் நின்றுகொண்டு மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. “அப்பா, நேத்து ஜெயிக்கிற பொசிஷன்னு சொல்லிச்சே, இன்னிக்கு ஏன் மாத்திச் சொல்லுது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் மறுபடி அதே நிலையை, இந்தத் தடவை திரைப்பலகை ஏதுமில்லாமல், டெர்மினலில் எஞ்சினை மட்டும் திறந்து போட்டுப் பார்த்தேன். இதை எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பேன். நிலையைக் கொடுத்து ‘கோ இன்ஃபினிட்’ என்று தட்டினால் வரிவரியாக ஓடும்: டெப்த் 20 (எத்தனை நகர்த்தல் ஆழம்), ஸ்கோர், நோட்ஸ் (பார்த்த நிலைகள், ஒவ்வொன்றும் ஒரு நோடு), என்பிஎஸ் (நொடிக்கு எத்தனை நோடு), அதற்குப் பக்கத்தில் ஹேஷ்ஃபுல் என்று ஒரு எண். பலகையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இருப்பதே தெரியாது. முதல் வரிகளில் ஹேஷ்ஃபுல் 3, 11, 40 என்று மெதுவாக ஏறியது, அப்புறம் தாவித் தாவி 600, 850, சில நொடிகளுக்குள் 990-ஐத் தாண்டி அங்கேயே ஒட்டிக்கொண்டது. அது ஆயிரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு. 1000 என்றால் ஹேஷ் டேபிள், நான் மேஜை என்று சொல்வது, நிரம்பிவிட்டது. எஞ்சினை இறக்கியதிலிருந்து ஒரு அமைப்பையும் நான் மாற்றியதில்லை. ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக்கொள்ளும் ஹேஷ் 16 எம்பி.

சரி, அந்த 16 எம்பிக்குள் என்ன இருக்கிறது? ஒரே நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம். குதிரையை முதலில் நகர்த்தி யானையை அப்புறம் நகர்த்தினாலும், யானையை முதலில் நகர்த்தி குதிரையை அப்புறம் நகர்த்தினாலும் பலகையில் நிற்பது ஒன்றுதான். ஒரு தடவை அலசி முடித்த நிலையை மறுபடி அலசாமல் இருக்க, “இந்த நிலையை இத்தனை ஆழம் பார்த்தாயிற்று, மதிப்பு இவ்வளவு, சிறந்த நகர்த்தல் இது” என்று எஞ்சின் குறித்துவைக்கும் இடம்தான் ஹேஷ் டேபிள். நிலைக்கு அடையாள எண் போடும் முறையை 1970இல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் எழுதிவைத்தார், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. 12 வகைக் காய், 64 கட்டம், ஆக 768 தற்செயல் எண்கள், கூடவே யார் முறை, கோட்டை கட்டும் உரிமை, ஆன்பாசான் ஆகியவற்றுக்குச் சில எண்கள். பலகையில் இருப்பவற்றின் எண்களை எல்லாம் எக்ஸார் (பிட்டுக்குப் பிட் சேர்க்கும் கணக்கு) போட்டுச் சேர்த்தால் அந்த நிலையின் 64 பிட் எண். ஒரு காய் நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணை எடுத்து, புதுக் கட்டத்தின் எண்ணைச் சேர்த்தால் போதும், மொத்தத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டாம். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை, அவ்வளவு அழகு.

ஸ்டாக்ஃபிஷில் ஒரு குறிப்பு 10 பைட். மூன்று குறிப்புகளை ஒரு கட்டாகச் சேர்த்து, இரண்டு பைட் வெற்றிடம் விட்டு, 32 பைட் ஆக்கி வைக்கிறது. அப்படியென்றால் 1 எம்பியில் 32,768 கட்டுகள், 98,304 குறிப்புகள். 16 எம்பியில் 15 லட்சத்து 72 ஆயிரம் சொச்சம். என் லேப்டாப்பில் நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓடும் தேடல்) ஓடினால் நொடிக்குச் சுமார் 20 லட்சம் நோடு பார்க்கிறது. ஒவ்வொரு நோடும் புதுக் குறிப்பு கேட்காது, பலவும் ஏற்கெனவே இருப்பதையே தொடும், இருந்தாலும் 16 எம்பி சில நொடிகளில் நிரம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உறைத்தது.

அங்கேதான் நான் அகலக்கால் வைத்தேன். 16 போதாது என்றால் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று நினைத்து 6144 எம்பி கொடுத்தேன், 8 ஜிபி ரேமில். ராத்திரி பத்தரை மணிக்கு ஓடவிட்டுப் படுத்தாயிற்று. தண்ணீர் குடிக்க எழுந்தபோது லேப்டாப்பிலிருந்து கரகரவென்று சத்தம். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு அரை நிமிடம் கழித்து நகர்கிறது. இன்னொரு டெர்மினலைத் திறந்து ‘ஃப்ரீ’ கட்டளை கொடுத்துப் பார்க்கவே சில நிமிடம் ஆயிற்று, ஸ்வாப்பில், அதாவது ரேம் போதாதபோது சிஸ்டம் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தில், ஒன்றரை ஜிபிக்கு மேல் போயிருந்தது. பிரவுசரை மூடாமல் விட்டிருந்தேன், அது ஒரு பக்கம், சிஸ்டம் தனக்கென்று வைத்துக்கொள்வது ஒரு பக்கம். நொடிக்கு 20 லட்சம் நோடு பார்த்த எஞ்சின் சில ஆயிரங்களில் தவித்துக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் முந்தின நாள் அரை மணி நேரத்தில் எட்டிய ஆழத்தைக்கூட எட்டவில்லை.

ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய படக்கோப்பு ஒன்றைத் திறந்தால் அதை வரிசையாகப் படிக்கலாம், டிஸ்க்குக்கு அது பெரிய பாரமில்லை. ஹேஷ் டேபிள் அப்படி இல்லை. அடுத்த நோடு மேஜையின் எந்த மூலையைத் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஸோப்ரிஸ்ட் எண்ணின் குணமே அப்படிச் சிதறுவதுதான். ரேமில் இல்லாத ஒரு மூலையைத் தொடும்போதெல்லாம் டிஸ்க்கிலிருந்து எடுத்து வர வேண்டும், ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு தடவையும் அதற்குச் சில மில்லிநொடிகள் ஆகும். இன்னொன்று, ஸ்டாக்ஃபிஷ் ஹேஷ் அளவைச் சொன்ன உடனேயே மொத்தத்தையும் பூஜ்யத்தால் நிரப்பிவிடுகிறது, அதாவது 6144 கேட்டால் அந்த நிமிடமே 6144-உம் உண்மையாகவே போய்விடும். “தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும்” என்று நான் நினைத்தது தப்பு.

அதற்கு அடுத்த வாரம் ஒழுங்காக அளக்க உட்கார்ந்தேன். முதலில் எடுத்தது ஹேஷ் சோதனைக்கென்றே பெயர்போன நிலை, செஸ் வீரர் ரூபன் ஃபைன் 1941இல் எழுதிய முடிவாட்டப் புத்தகத்தின் 70ஆம் படம். 1901இல் லாஸ்கரும் ரைக்ஹெல்மும் ஆராய்ந்த நிலை அது. வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை நகர்த்தி ஜெயிக்க வேண்டும், ஜெயிக்கும் நகர்த்தல் ஒன்றே ஒன்று: ராஜா பி1. பார்த்தால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்றுதான் போலத் தோன்றும், மகளும் பி2 என்றுதான் சொன்னாள்.

16 எம்பியில் போட்டேன், நொடிகளில் ராஜா பி1 வந்தது. 1024இல் போட்டேன், அதே. வெறும் 1 எம்பியில் போட்டேன், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. குழம்பிப்போய் பலகையை எடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் கண்ணெதிரே இருக்கிறது: ஏழு சிப்பாயும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன, ஏதாவது வெட்டுப்படும்வரை நகரக்கூடியவை இரண்டு ராஜாக்கள் மட்டும்தான். யார் முறை என்பதையும் சேர்த்துக்கொண்டால்கூட 64 × 64 × 2, அதாவது 8192 நிலைகளுக்கு மேல் இருக்கவே முடியாது. பாதைகள் கோடிக்கணக்கில், நிலைகள் எட்டாயிரத்துக்குள். ஹேஷ் இல்லாத எஞ்சின் அந்தக் கோடிப் பாதைகளிலும் நடந்து மாண்டுபோகும். ஹேஷ் இருந்தால் 1 எம்பியிலேயே முக்கால்வாசிக்கு மேல் இடம் மிஞ்சும். ஆக இந்த நிலை ஹேஷ் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் உதவும். எவ்வளவு வேண்டும் என்று சொல்ல இதனால் முடியாது. இதை வைத்து “ஹேஷ் கூட்டி ஒரு லாபமும் இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் மகளின் ஆட்டங்களிலிருந்தும் என் பழைய ஆட்டங்களிலிருந்தும் பத்து நிலைகள் எடுத்துக்கொண்டேன், காய்கள் நிறைய நிற்கும் நடு ஆட்டம் ஆறு, முடிவாட்டம் நாலு. த்ரெட் ஒன்றுதான் வைக்க வேண்டும், இது முக்கியம். பல த்ரெட் ஓடும்போது எல்லாம் ஒரே ஹேஷ் டேபிளில்தான் எழுதும், படிக்கும், த்ரெட்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதே அந்த மேஜை வழியாகத்தான். யார் முந்தி எழுதினார் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் அதே நிலையை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு நேரம் வரும். ஒரே த்ரெட்டில், ஒரே ஹேஷ் அளவில், நோடு எண்ணிக்கை அச்சு மாறாமல் அதேதான் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் மேஜையைத் துடைக்க ‘கிளியர் ஹேஷ்’ கொடுத்தேன், குறிப்பிட்ட ஆழத்தை எட்ட எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொண்டேன். நிலைகளைத் தேடி எடுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ‘பெஞ்ச்’ என்று ஒரு கட்டளை எஞ்சினிலேயே இருக்கிறது. ‘பெஞ்ச் 256 1 20’ என்றால் 256 எம்பி ஹேஷ், ஒரு த்ரெட், ஆழம் 20. ஏற்கெனவே சேர்த்துவைத்த நிலைகளை ஓட்டி மொத்த நேரத்தையும் வேகத்தையும் கடைசியில் சொல்லும்.

ஒரு நிலையை மட்டும் வைத்து முடிவு கட்டியிருந்தால் ஏமாந்திருப்பேன். ஒரு நடு ஆட்ட நிலையில் 1024-ஐவிட 256 வேகமாக ஆழத்தை எட்டியது, தற்செயலாக நல்ல நகர்த்தல் முன்னாலேயே கிடைத்துவிட்டதால் அப்படி. பத்தையும் கூட்டிப் பார்த்தபோதுதான் ஒழுங்கு தெரிந்தது. 16-லிருந்து 64, 64-லிருந்து 256 போகும்போது நேரம் நன்றாகவே குறைகிறது. 256-லிருந்து 1024 போனால் கொஞ்சம். 1024-லிருந்து 2048 போனால், நிலைக்கு ஓரிரு நிமிடம் ஓடும் அலசலில் ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் ஹேஷ்ஃபுல் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நிரம்பாத மேஜையை இன்னும் பெரிதாக்கி என்ன பயன்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு என் பயத்தைப் போக்கியது. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால், நொடிக்கு 20 லட்சம் வீதம், 5,760 கோடி நோடு. 1024 எம்பியில் இருப்பதோ 10 கோடிக் குறிப்பு. எத்தனை ரேம் வாங்கிப் போட்டாலும் வீட்டுக் கணினியில் அதையெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே நீண்ட அலசலில் மேஜை நிரம்பத்தான் செய்யும். நிரம்பினால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் போதும். புதுக் குறிப்புக்கு இடமில்லையென்றால் அந்தக் கட்டில் இருக்கும் மூன்றில் ஆழம் குறைந்தது, பழையது எதுவோ அதைத் தள்ளிவிட்டு எழுதுகிறது. தள்ளப்படுவதில் பெரும்பாலானவை மரத்தின் நுனியில் ஒன்றிரண்டு ஆழம் பார்த்தவை, திரும்பக் கணக்கிட மைக்ரோநொடிகள் போதும். முப்பது ஆழம் பார்த்த குறிப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஹேஷ்ஃபுல் 1000 என்று கண்டதும் நான் பதறியது தேவையில்லாத பதற்றம். சில நொடியில் நிரம்புகிறது என்றால் கூட்ட வேண்டும், பல மணி நேரம் கழித்து நிரம்புகிறது என்றால் விட்டுவிடலாம். ஸ்வாப்புக்குப் போவது மட்டும்தான் உண்மையான கேடு, அதற்கு இழப்பீடே கிடையாது.

மூன்றாவது வாரம் எதிர்பாராமல் ஒன்று கிடைத்தது. ஹேஷைக் கூட்டக் கூட்ட நொடிக்கு இத்தனை நோடு என்ற வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைக் கவனித்தேன். ரேம் எல்லாம் ஒரே ரேம்தானே, ஏன் இறங்க வேண்டும்? நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகத்தான் சிஸ்டம் பங்கிடுகிறது. 2048 எம்பி என்றால் 5 லட்சத்து 24 ஆயிரம் பக்கங்கள். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று பிராசசர் கைவசம் வைத்திருக்கும் சின்ன முகவரிப் பட்டியலில் அவ்வளவும் அடங்காது, ஒவ்வொரு தடவையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 2 எம்பி பெரும்பக்கங்களாகக் கொடுத்தால் அதே 2048-க்கு 1024 பக்கம் போதும். லினக்ஸில் ஸ்டாக்ஃபிஷ் தானாகவே இதைக் கேட்கும், ஆனால் சிஸ்டம் அனுமதிக்க வேண்டும். பெரும்பக்கங்களை அனுமதிக்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் அமைப்பைத் திறந்து பார்த்தால் அதில் ‘நெவர்’ என்று இருந்தது, வேறு எதற்கோ எப்போதோ நானே மாற்றிவைத்தது. ‘எம்அட்வைஸ்’ என்று மாற்றி எஞ்சினைத் திரும்ப ஏற்றினேன். நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில், பெரும்பக்கங்களுக்கான ஆனன்ஹியூஜ்பேஜஸ் என்ற வரி பூஜ்யத்திலிருந்து இரண்டு ஜிபிக்கு மேல் எகிறியது, வேகமும் ஏறியது, 16 எம்பியில் கிடைத்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை. விண்டோஸில் இதே வேலைக்கு, பயனர் கணக்குக்கு ‘லாக் பேஜஸ் இன் மெமரி’ என்ற உரிமையைக் கொடுக்க வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள், வரிசையாக இல்லாமல். த்ரெட் எண்ணிக்கையை முதலில் வைத்துவிட்டு ஹேஷ் அளவை அப்புறம் வையுங்கள், ஸ்டாக்ஃபிஷ்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் 3000 என்று கொடுத்தால் சத்தமில்லாமல் 2048-ஐத்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டின் அடுக்காக இருந்தால்தான் அவற்றுக்குக் கட்டைக் கண்டுபிடிக்கத் தெரியும். இன்றைய ஸ்டாக்ஃபிஷுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய சூத்திரங்களை அப்படியே எடுக்காதீர்கள், 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12இலிருந்து நிலையை எடைபோட நியூரல் நெட்வொர்க் சேர்ந்துவிட்டதால் நோடு வேகம் குறைந்தது, மேஜையும் முன்பைவிட மெதுவாகத்தான் நிரம்பும். லீலா என்ற இன்னொரு செஸ் எஞ்சினை வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது, அது வேறு விதமாகத் தேடுகிறது, நினைவகக் கணக்கும் வேறு.

எஞ்சின்களை மோதவிடும்போது ஹேஷ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஓடினால் நாலு எஞ்சின், ஆளுக்கு 1024 என்றால் 4 ஜிபி போயிற்று. அவ்வளவு தேவையும் இல்லை. ஸ்டாக்ஃபிஷின் மாற்றங்களைச் சோதிக்கும் ஃபிஷ்டெஸ்டில் 10 நொடி ஆட்டத்துக்கு 16 எம்பி, 60 நொடி ஆட்டத்துக்கு 64 எம்பிதான் கொடுக்கிறார்கள், ஒற்றை த்ரெட்டில். மொத்த ஆட்டத்துக்கே ஒரு நிமிடம் என்றால் ஒரு நகர்த்தலுக்கு ஓரிரு நொடி, அதற்கு அது தாராளம். என் 64 அங்கிருந்து எடுத்ததுதான்.

இப்போது மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் ராத்திரி நாங்கள் ஆட்டத்தின் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்திருந்தோம், 60, 55, 50 என்று. பின்னால் வரும் நிலைகளில் எஞ்சின் கண்டுபிடித்ததெல்லாம் மேஜையில் மிச்சம் இருந்தது, 41-க்கு வரும்போது அவற்றில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டது. மறுநாள் வெறும் மேஜையோடு நேரே 41-இல் ஆரம்பித்தோம். நாலு த்ரெட்டின் குலுக்கலும் அதில் ஒரு பங்கு, ஆனால் முக்கியக் காரணம் இதுதான் என்று சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்: 512 எம்பி வைத்து, கடைசி நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றாக, நிலைக்கு அரை நிமிடம் விட்டுப் பின்னோக்கி வந்தால் 41ஆம் நகர்த்தலில் சாதகம் சட்டென்று தெரிகிறது, நேரே போனால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பின்னோக்கி வரும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில பலகை மென்பொருள்கள் நிலை மாறும்போதெல்லாம் ‘யூசிஐ நியூகேம்’ என்று எஞ்சினுக்கு அனுப்பி மேஜையைத் துடைத்துவிடும். நான் பயன்படுத்தியதும் முதலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தது, அமைப்பில் ஒரு டிக்கை எடுத்த பிறகுதான் நின்றது.

நேற்று ராத்திரி 2048 எம்பி, மூன்று த்ரெட், பிரவுசரை மூடிவிட்டு ஓடவிட்டேன். காலையில் பார்த்தபோது ஸ்வாப் பூஜ்யம், ஹேஷ்ஃபுல் 1000, ஆழம் 50-க்கு மேல். 41ஆம் நகர்த்தலில் சிப்பாயைத் தள்ளாமல் யானையை ஏழாவது வரிசைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் மகள் ஒரு காலில் ஷூவோடு வந்து நின்று அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, நோட்டேஷன் தாளில் தான் எழுதிய நகர்த்தலை அடிக்காமல் பக்கத்திலேயே பென்சிலால் இதை எழுதிவைத்தாள்.